எட்டாம் நம்பர் சிரிப்பு

தொடரின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அதன் பாட்டு உங்கள் காதில் கேட்காது, சிரிப்புதான் கேட்கும். அந்தச் சிரிப்பைப் போட்டவன் நான். ஓர் உயர்நிலைப் பள்ளி, அதன் ஆசிரியர் அறை, அங்கே ஏழெட்டு ஆசிரியர்கள் அடிக்கும் கூத்து. இதுதான் தொடர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அது ஓடும்போது பூந்தமல்லியிலிருந்து ஆவடிவரை எந்தத் தெருவில் நடந்தாலும் ஒவ்வொரு வீட்டு ஜன்னலிலிருந்தும் என் சிரிப்பு வரும். அந்தக் காலத்தில் அதைக் கேட்டுக்கொண்டே நடப்பதில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

போன மாதம் காட்டுப்பாக்கத்தில் என் வீட்டுக்கு இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். ஒரு பெண், ஒரு ஆண். பழைய தொடர்களைத் துண்டு துண்டாக வெட்டி செல்போனில் ஓடவிடும் கம்பெனியில் வேலையாம். பெண்ணின் சட்டையில் மை கலைந்துபோன ஓர் உள்ளங்கை அச்சடிக்கப்பட்டிருந்தது. அதைப் பார்த்ததுமே எனக்கு உள்ளே கொதிக்க ஆரம்பித்துவிட்டது.

"சார், அந்தக் 'கை டீச்சர்' சீன் இருக்குல்ல, இப்ப செம வைரல் சார்" என்றார் அந்தப் பெண். "அதுல லாஃப்டர் டைமிங் நீங்கதானாமே? கேமரா முன்னாடி உட்கார்ந்து, எப்படிப் போட்டீங்கன்னு ஒருதரம் செஞ்சு காட்டுங்க சார். இந்த ஃபீல்டுக்கு வர்றவங்களுக்கு ரொம்ப யூஸ்ஃபுல்லா இருக்கும்."

"எழுந்து வெளிய போங்க" என்றேன். மெதுவாகச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு நாய் குரைக்கும் அளவுக்குக் கத்தினேன். இருவரும் பயந்துபோய்ச் செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்கள். சமையலறையிலிருந்து என் மனைவி ஸ்டெல்லா கையைத் துடைத்தபடி வந்தாள்.

"அதுங்ககிட்ட ஏங்க கத்துறீங்க? போட்டது நீங்கதானே?" என்றாள்.

பல வருடங்களாக அவள் அந்தப் பேச்சை எடுத்ததேயில்லை. இப்போது எடுத்துவிட்டாள். சரி, நான்தான் போட்டேன். எப்படிப் போட்டேன் என்று அந்த இருவருக்கும் சொல்லிவிடுகிறேன். கேமரா வேண்டாம், காகிதம் போதும்.

நான் அம்பத்தூரில் ஐ.டி.ஐ. படித்தவன். ரேடியோ ரிப்பேர் கடை, கல்யாண மைக் செட், சர்ச் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி என்று எட்டு வருடம் சுற்றிவிட்டு, பூந்தமல்லி சாலையில் ஒரு தயாரிப்புக் கம்பெனியின் ஒலிப்பதிவு அறையில் உதவியாளனாகச் சேர்ந்தேன். வயர் சுற்றினேன், டீ வாங்கினேன், ஒரு நாள் மிஷின் முன்னால் உட்காரவைத்தார்கள். அதற்குமேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

இந்தத் தொடர் ஆரம்பித்தபோது சிரிப்பு வேண்டும் என்றார்கள். வெளிநாட்டுத் தொடர்களின் சிரிப்பை எடுத்துப் போட்டுப் பார்த்தோம். ஒட்டவில்லை. நம் ஆட்கள் அப்படிச் சிரிப்பதில்லை. சரி, நாமே பதிவு செய்வோம் என்று முடிவானது. திருமழிசைத் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் பெண்கள் முப்பது பேரைக் கன்னியம்மா என்பவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிவந்தார். அவர் அங்கே ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் மூடி பொறுக்கிப் பிரிக்கும் வேலையில் இருந்தவர். நல்ல கணீர்க் குரல். ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்து, நான்கு மைக் தொங்கவிட்டு, எல்லாரையும் நாற்காலியில் உட்காரவைத்தோம்.

"இன்னா சார், சும்மா சிரின்னா எப்பிடி சிரிக்கறது? இன்னாத்தையாவது காட்டு, சிரிக்கிறோம்" என்றார் கன்னியம்மா.

ஒரு ஆள் வேடிக்கை காட்டினான். சிரித்தார்கள். அதைச் சின்னது, நடுத்தரம், பெரிது, கை தட்டலோடு சேர்ந்தது என்று பிரித்து நம்பர் போட்டேன். ஏழுவரை வந்தது. எல்லாம் சுமார்தான். காசு கொடுத்துச் சிரிக்கவைத்தது தெரிந்தது. சாப்பாட்டுக்கு விடலாம் என்று சொன்னபோது கன்னியம்மா எழுந்தார். நாற்காலியின் கால் முறிந்தது. அவர் பக்கவாட்டில் தரையில் விழுந்தார். முப்பது பேரும் ஒரே நேரத்தில் வெடித்துச் சிரித்தார்கள். முதலில் ஒரு அலை, அது அடங்குவதற்குள் இன்னொன்று, கடைசியில் தனியாக ஒரே ஒரு குரல், கிறீச்சென்று. நான் மிஷினை நிறுத்தவில்லை. அதுதான் எட்டாம் நம்பர்.

கடைசியில் வந்த அந்தத் தனிக்குரல் கன்னியம்மாவுடையது. தரையில் கிடந்தபடி அவரும் சிரித்திருக்கிறார். மணிக்கட்டு முறிந்திருந்தது பிறகுதான் தெரிந்தது. கட்டுப் போட்ட கையோடு அடுத்த வாரம் கூலி வாங்க வந்தபோது, "வலிக்கலியாம்மா அப்ப?" என்று கேட்டேன்.

"வலிக்காம இன்னா சார்? உசுரு போயிடுச்சு. அல்லாரும் சிரிச்சாளுங்க, நானும் சிரிச்சிட்டேன். வேற இன்னா பண்ணச் சொல்ற?"

அன்றைக்கு எனக்கு அது ஒரு வேடிக்கைப் பேச்சாகத்தான் பட்டது.

அடுத்தது சாரதி சார். தொடரின் பொறுப்பு முழுவதும் அவரிடம். பேசினால் பூனை நடப்பது போல இருக்கும். யாரையும் திட்ட மாட்டார். டீ கொண்டுவருபவர் முதல் கதாநாயகன்வரை எல்லாருமே அவருக்கு 'ராஜா'. வியாழக்கிழமை மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு என் அறைக்கு வருவார். சட்டைப் பையிலிருந்து பெப்பர்மிண்ட் ஒன்றை எடுத்து வாயில் போடுவார். நாற்காலியை மிஷினுக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டுக்கொள்வார். கண்ணை மூடிக்கொள்வார். படத்தைப் பார்க்கவே மாட்டார். வலது கை மோதிரத்தால் நாற்காலிக் கைப்பிடியைத் தட்டுவார். ஒரு தட்டு என்றால் சின்னச் சிரிப்பு. இரண்டு என்றால் நடுத்தரம். மூன்று என்றால் எட்டாம் நம்பர். தட்டிய இடத்தில் நான் குறித்துக்கொண்டு, பேச்சின் கடைசி எழுத்து முடிந்து ஒரு கண்சிமிட்டும் நேரம் விட்டுச் சிரிப்பைத் திறக்க வேண்டும். முந்திக்கொண்டால் வசனம் அமுங்கிவிடும், பிந்தினால் நகைச்சுவை செத்துப்போகும்.

"படம் பார்க்காம எப்படி சார்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"மூஞ்சியைப் பார்த்தா பாவமா இருக்கும் ராஜா. அப்புறம் தட்ட முடியாது" என்றார். எவ்வளவு பெரிய விஷயத்தைச் சாதாரணமாகச் சொன்னார் என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்குத் தொழில் நுணுக்கம் என்று நினைத்து வாயைப் பிளந்தேன்.

ஸ்டெல்லா ஆவடியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். இது தெரிந்த நாளிலிருந்து எனக்குக் கம்பெனியில் மவுசு கூடிவிட்டது. தொடருக்கு வசனம் எழுதிய பாபு, அம்பத்தூர்க்காரன், டீ நேரத்தில் என்னைத் தேடி வருவான். "அண்ணாத்தே, ஊட்ல இன்னா நியூஸ்?" என்பான். நான் சொல்வேன். யாராவது லீவு போட்டால் அந்த வகுப்புக்கு வேறு ஆசிரியரை அனுப்ப ஒரு நோட்டு உண்டு. பியூன் அந்த நோட்டோடு வராந்தாவில் வருவது தெரிந்தால் கழிவறைக்குள் போய் ஒளிந்துகொள்ளும் அறிவியல் சார், மழை வந்தால் மட்டும் விளையாட்டு பீரியட் எடுக்க ஆசைப்படும் பி.டி. சார், இப்படி. எல்லாம் தொடரில் வந்தது. ஸ்டெல்லாவும் வீட்டில் உட்கார்ந்து சிரித்தாள். பள்ளியிலும் அவரவர் தங்களை அடையாளம் கண்டுபிடித்துச் சிரித்தார்கள். அதுவரை யாருக்கும் எந்தக் கெடுதலும் இல்லை.

மல்லிகா டீச்சர் ஸ்டெல்லாவுக்குப் பக்கத்து நாற்காலி. சமூக அறிவியல். கணவர் இல்லை, ஒரே மகள். ஓய்வு பெற ஒன்றரை வருடம் இருந்தது. ஒருநாள் மதியம் சாப்பிட்டுவிட்டுக் குழாயடியில் கை கழுவும்போது, அவர் இடது கையை மட்டும் நனையாமல் தூக்கிப் பிடித்திருப்பதை ஸ்டெல்லா கவனித்திருக்கிறாள். தினமும் அப்படித்தான். என்னவென்று பிடித்துப் பார்த்தால், உள்ளங்கை முழுக்க நீலப் பேனாவில், எறும்பு எறும்பாக எழுத்து. முன்பெஞ்சிலிருந்து வரிசையாகப் பிள்ளைகளின் பெயர்கள். நடுவில் அன்றைய பாடத்தின் தலைப்பு. ஓரத்தில் 'ஒன்பது பி, மாடி'.

அவருக்கு மறதி வர ஆரம்பித்திருந்தது. பாடம் மறக்கவில்லை. முப்பது வருடமாக நடத்திய பாடம் நாக்கிலேயே இருந்தது. பெயர்களும் போகவேண்டிய இடமும்தான் நழுவிக்கொண்டிருந்தன. டாக்டரிடம் போயிருக்கிறார். மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"யார்கிட்டயும் சொல்லிடாத ஸ்டெல்லா. ஒன்றரை வருஷம்தான். கடைசி நாள் வரைக்கும் நின்னு பாடம் எடுத்துட்டு, என் கால்ல நடந்து கேட்டைத் தாண்டிடணும். அது போதும் எனக்கு" என்றாராம்.

இதை ஸ்டெல்லா என்னிடம் அழுதுகொண்டே சொன்னாள். வேடிக்கையாகச் சொல்லவில்லை. "இதை வெளியில விட்டுடாதீங்க" என்றும் சொன்னாள். தலையை ஆட்டினேன்.

இரண்டு வாரம் கழித்து பாபு கை வறண்டுபோய் உட்கார்ந்திருந்தான். அடுத்த வாரத்துக்குக் கதை இல்லை. சாரதி சார் நாலுமுறை 'ராஜா' என்று கூப்பிட்டுவிட்டார். "எதுனா குடு அண்ணாத்தே, சோத்துக்கு வேட்டு வெச்சிடுவாரு போல கீது" என்றான். நான் அதைக் கதையாகச் சொல்லவில்லை. பாவம் அந்த டீச்சர் என்று, மனக்கஷ்டமாகத்தான் சொன்னேன். இப்படித்தான் எனக்கு நானே பல வருடம் சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. ஒரு எழுத்தாளன் என் முகத்தையே பார்த்துக் காத்திருக்கும்போது சொல்ல ஏதாவது இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. சொன்னேன். பாபு டீ கிளாஸைக் கீழே வைத்தான். பிறகு கேட்டான்:

"எந்தக் கை?"

"இடது கை" என்றேன்.

அந்த இடத்திலேயே அவன் சட்டையைப் பிடித்திருக்க வேண்டும். எந்தக் கை என்று ஒருவன் கேட்டால் அதை எதற்குக் கேட்கிறான் என்று புரியாத முட்டாளா நான்? புரிந்தது. டீயைக் குடித்து முடித்தேன்.

காட்சி தயாராகி என் மிஷினுக்கு வந்தது. நடிகை வகுப்பில் நிற்கிறாள். உள்ளங்கையைப் பார்த்துப் பார்த்துப் பெயர் கூப்பிடுகிறாள். வேர்வையில் மை கலைகிறது. 'குமா...' என்பது மட்டும் தெரிகிறது. எல்லாப் பிள்ளைகளையும் 'குமார்' என்று கூப்பிடுகிறாள், பெண் பிள்ளைகளையும். பிறகு வகுப்பையும் மறந்து, கரும்பலகையைப் பார்த்து நிற்கிறாள். அந்த நடிகையை நான் குறை சொல்ல மாட்டேன். அவள் கண்ணில் நிஜமான பயம் இருந்தது. நல்ல நடிகை.

சாரதி சார் பெப்பர்மிண்ட்டை வாயில் போட்டுக் கண்ணை மூடினார். மோதிரம் மூன்று முறை தட்டியது.

"சார், இந்த இடத்துல வேண்டாம் சார்."

"ஏன் ராஜா?"

"இது நிஜமா நடக்கிறது சார். எனக்குத் தெரிஞ்ச ஒரு டீச்சருக்கு."

"நிஜமா? அப்ப இன்னும் பெருசா போடு" என்றார், கண்ணைத் திறக்காமலேயே.

போட்டேன். வெறுமனே போடவில்லை. நன்றாகப் போட்டேன். எட்டாம் நம்பரின் இரண்டாவது அலை அடங்கும்போது அதையே இன்னொருமுறை அடியில் கொடுத்து நீட்டினேன். கடைசியில் அந்தத் தனிக் கிறீச்சு, அவள் கரும்பலகையைப் பார்க்கும் அதே நொடியில் விழும்படி வைத்தேன். வேலை கச்சிதமாக அமைந்தபோது என் விரலுக்கு வரும் திருப்தி அன்றைக்கும் வந்தது. இதைத்தான் அந்த இருவரும் செய்து காட்டச் சொல்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை ஒளிபரப்பானது. ஸ்டெல்லா டிவி முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. தட்டிலிருந்த சாப்பாட்டைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டுப் படுத்துவிட்டாள்.

திங்கட்கிழமை ஒன்பது பி வகுப்பில் மல்லிகா டீச்சர் நுழைந்ததும் ஒரு குரல் கேட்டிருக்கிறது: "டீச்சர், கையக் காட்டு டீச்சர்!" உடனே வகுப்பு முழுக்கச் சிரிப்பு. பக்கத்து வகுப்பில் ஸ்டெல்லா கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். சுவரைத் தாண்டி அந்தச் சிரிப்பு வந்திருக்கிறது. முதலில் ஒரு அலை, பிறகு இன்னொன்று, கடைசியில் ஒரு பெண் பிள்ளை தனியாகக் கிறீச்சென்று.

வீட்டுக்கு வந்து ஸ்டெல்லா சொன்னாள்: "அது எங்க பசங்க சிரிப்பு இல்லைங்க. உங்க சிரிப்பு."

அதன்பிறகு மல்லிகா டீச்சர் இடது கையை மூடியே வைத்திருந்தார். புடவைத் தலைப்புக்குள் முஷ்டியை மறைத்துக்கொண்டு வலது கையால் பாடம் எழுதினார். பார்க்க முடியாததால் பெயர்கள் குழம்பின. ஒரு பெண்ணை இன்னொருத்தியின் பெயரால் கூப்பிட்டார். 'குமார்' என்று பின்பெஞ்சு கத்தியது. மறுபடியும் அதே சிரிப்பு. ஒருநாள் வகுப்பு தெரியாமல் மாடிப்படியில் நடுவில் நின்றுவிட்டார். தலைமையாசிரியர் கூப்பிட்டு, மெடிக்கல் லீவு போடுங்கள் அம்மா என்றார். தன்மையாகத்தான் சொன்னாராம். லீவு முடிந்ததும் விருப்ப ஓய்வு. ஒன்றரை வருடம் வேண்டும் என்று கேட்டவருக்கு ஒன்றரை மாதம்கூடக் கிடைக்கவில்லை.

அவர் லீவில் கிளம்பிய அன்று ஸ்டெல்லா அவரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள், யார் சொல்லி யாருக்குப் போனது என்று. அவர் எழுந்துகொண்டார். குழாயடிக்குப் போய், சோப்புப் போட்டு, இடது கையை நன்றாகத் தேய்த்துக் கழுவினார். மகள் ஆட்டோவோடு வந்து குழாயடியிலேயே அவரை ஏற்றிக்கொண்டு போனாள். கேட்டை அவர் நடந்து தாண்டவில்லை.

சாரதி சாரிடம் போனேன். மறு ஒளிபரப்பிலாவது அந்தக் காட்சியை எடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். "அதுதானே ராஜா ஓடுது" என்றார். வேலையை விட்டேனா என்று கேட்பீர்கள். விடவில்லை. இன்னும் ஒன்பது வருடம் அதே நாற்காலியில் உட்கார்ந்து, மூன்று தட்டுக்கு எட்டாம் நம்பர் போட்டேன். ஓய்வு பெற்ற நாளில் சால்வை போர்த்தினார்கள். வாங்கிக்கொண்டேன். அந்த ஒன்பது வருடமும் ஸ்டெல்லா பள்ளியில் நடந்த எதையும் வீட்டில் சொன்னதில்லை. ஒரு வார்த்தைகூட.

இளைஞர்களை விரட்டிய மறுநாள், "கிளம்புங்க" என்றாள் ஸ்டெல்லா. எங்கே என்று நான் கேட்கவில்லை. அவள் மாதம் ஒருமுறை போய்வரும் வீடு. நான் ஒருமுறைகூடப் போனதில்லை, தைரியம் இல்லை.

ஆவடியில் மல்லிகா டீச்சரின் மகளுடைய குவார்ட்டர்ஸ். மகள் அங்கே தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை. மல்லிகா டீச்சர் டிவிக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார். ஸ்டெல்லாவைப் பார்த்துச் சிரித்தார், யாரென்று தெரியாமலேயே. என்னைப் பார்த்தும் அதே சிரிப்பு. மகள் தட்டில் சோறு பிசைந்துகொண்டிருந்தாள்.

"கரெக்டா வந்தீங்க அங்கிள். இப்பதான் அம்மாவோட சீரியல் போடுவாங்க. இது ஓடினாதான் வாயைத் திறப்பாங்க, இல்லன்னா ஒரு வாய்கூட இறங்காது" என்றாள்.

என் தொடர்தான். மதிய மறு ஒளிபரப்பு. ஸ்டெல்லா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். எத்தனையோ நூறு வாரம் ஓடிய தொடரில் அன்றைக்கு எது வரவேண்டுமோ அதுவே வந்தது. ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, அந்த வாரம் சேனல்காரர்கள் அதைத்தான் தினமும் போட்டுக்கொண்டிருந்தார்களாம், அத்தனை கிராக்கி.

நடிகை உள்ளங்கையைப் பார்த்தாள். 'குமார்' என்றாள். எட்டாம் நம்பர் வந்தது. மல்லிகா டீச்சர் சிரித்தார். வாய் நிறையச் சோற்றோடு, தோள் குலுங்க, அலை அலையாகச் சிரித்தார். மகள், "பாத்தீங்களா, எவ்ளோ சந்தோஷம்" என்று அடுத்த உருண்டையை உருட்டினாள். அவளுக்கு எதுவும் தெரியாது, அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. மண்டபத்தில் கால் முறிந்த அந்த நாற்காலி, அந்தத் தரை, முறிந்த கையோடு கிடந்து சிரித்த கன்னியம்மா, எல்லாம் எனக்கு ஒன்றாக நினைவுக்கு வந்தது. அந்த டிவியைத் தூக்கிப் போட்டு உடைத்திருப்பேன். வேறொருத்தர் வீட்டு டிவி. ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை நிறுத்தினேன்.

மல்லிகா டீச்சரின் சிரிப்பும் நின்றது. படம் மட்டும் ஓடியது. நடிகை கலைந்துபோன கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். பிள்ளைகளைப் பார்க்கிறாள். கரும்பலகையைப் பார்க்கிறாள். மல்லிகா டீச்சர் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். முகம் மாறியது. வகுப்பில் யாரோ அழுவதைக் கண்ட ஆசிரியை போல எங்கள் மூவரையும் திரும்பிப் பார்த்தார்.

"பாவம், அந்த டீச்சருக்குப் பேரெல்லாம் அழிஞ்சுபோச்சு" என்றார். "வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே, யாராவது போய் எழுதிக் குடுங்களேன்."